இரண்டு விலைகளுக்கு நடுவே

போடிநாயக்கனூர் ஏலக்காய் விவசாயி எவரும், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அன்றைய விலை என்ன என்று அறியாமல் சரக்கை விற்க மாட்டார். ஆனால், பொட்டிபுரத்திலிருந்து துபாய்க்குச் சென்ற என் உறவினர், அன்றைய மதிப்பைக் கேளாமலேயே விமான நிலையத்தில் திர்ஹாம் வாங்கினார். 'கமிஷன் இல்லை' என்ற பலகையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கமிஷன் இல்லை என்பதற்கு லாபம் இல்லை என்று பொருளல்ல. நாணய மாற்று நிலையங்கள் ஒரே நாணயத்துக்கு வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு வைத்துள்ளன; இடைவெளியே அவற்றின் வருமானம். சந்தையில் ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று கொள்வோம். நிலையம் அதை 25.50-க்கு விற்று 22.50-க்கு வாங்கினால், 1,000 திர்ஹாம் வாங்குவோருக்கு 1,500 ரூபாய் இழப்பு. மீந்த 200 திர்ஹாமைத் திருப்பிக் கொடுத்தால் மேலும் 300 ரூபாய் போகும்.

எனவே, புறப்படுவதற்குச் சில நாள்கள் முன்பே வங்கியிலும் உரிமம் பெற்ற முகவரிடமும் விலையை ஒப்பிட வேண்டும். ரசீது பெற வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையே ரொக்கமாகப் பெறலாம். மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கடையில் அட்டை இயந்திரம் 'ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?' என்று கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விலையைக் கடைக்காரர் தரப்பே நிர்ணயிக்கும்.

ஏலக்காய்க்குக் காட்டும் விழிப்பை, அதை விற்றுச் சேர்த்த பணத்துக்கும் காட்டுவோம்.