ஆகாயத்தில் அழவைத்த படம்

2011-ல் வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் தன் பயணிகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. பறக்கும்போது உணர்ச்சி கூடுகிறது என்று 55 சதவீதம் பேர் சொன்னார்கள். படம் பார்த்து வந்த கண்ணீரைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டதாக ஆண்களில் 41 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். மனதைப் பிழியும் படங்கள் தொடங்கும் முன் திரையில் ஓர் எச்சரிக்கையைக் காட்டும் அளவுக்கு அந்த நிறுவனம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. பிபிசி வானொலியில் விமர்சகர் மார்க் கெர்மோடும் சைமன் மேயோவும் நடத்திய சினிமா நிகழ்ச்சியில் இந்த நிலைக்கு ஒரு பெயரே புழங்கியது: 'ஆல்டிட்யூட் அட்ஜஸ்டெட் லேக்ரிமாசிட்டி சிண்ட்ரோம்'. உயரம் போனால் கண்ணீர் சுரப்பது கூடிவிடும் நோய் என்று சொல்லலாம்.

அப்படியானால், பத்து மணி நேரப் பயணத்தில் பார்த்த படத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் சந்தேகம் விழுவது காற்றின் மேல்தான். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதைப் போன்றது. ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. ஆக, பயணி இரவு முழுக்க ஊட்டியில் உட்கார்ந்து படம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டியின் குளிர்ந்த ஈரம் மட்டும் அங்கே கிடையாது. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணும் மூக்கும் உலர்ந்துபோகும்.

2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், 502 பேரை அழுத்த அறைக்குள் அமர்த்தி நீண்ட பயணத்தைப் போலவே நடத்திப் பார்த்தார்கள். 8,000 அடிக்கு ஈடான அழுத்தத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சராசரியாக 4.4 புள்ளிகள் குறைந்தது. சில மணி நேரத்துக்குப் பின் அசௌகரியம் கூடியது. ஆனால், கண்ணீரைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

நாக்கின் கதை இன்னும் தெளிவானது. லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், ஏர்பஸ் ஏ310 விமானத்தின் உடற்பகுதி ஒன்றைக் குறைந்த அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்தது. உப்பும் இனிப்பும் மங்கின. தரையில் மண்வாசனை அடித்த தக்காளிச் சாறு, அங்கே பழச்சுவையோடு இனித்தது. நாக்கு ஏமாறும் இடத்தில் மனமும் ஏமாறத்தானே செய்யும் என்று தோன்றும். அந்த முடிவுக்கு அவசரப்படக் கூடாது.

காரணம், நரம்பியல் உளவியலாளர் பால் விக்ஸின் ஆய்வு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் அவர் விசாரித்ததில், ஏறக்குறைய நான்கில் ஒருவர் விமானத்தில் படம் பார்த்து அழுதிருந்தார். ஆனால், தரையில் படம் பார்த்து அழுபவர்களின் அளவும் அதை ஒட்டியே இருந்தது. யார் அழுதார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றில் முக்கியமானது, அவர்கள் பார்த்த படத்தின் வகை. குடும்பப் படமும் சோகப் படமும் பார்த்தவர்கள் அழுதார்கள். வீட்டில் அழுததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் அழுதது மறப்பதில்லை.

இருந்தாலும் விமானத்துக்கென்று ஒரு மனநிலை உண்டு என்பதை மறுக்க முடியாது. நெடுந்தூர விமானத்தில் ஏறும் பலர், சற்று முன்புதான் யாரையோ பிரிந்து வந்திருப்பார்கள். மகளின் பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்கா போய், ஆறு மாதம் பேரக்குழந்தையைத் தூக்கி வளர்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் ஒரு தாய், திரையில் ஒரு குழந்தையின் முகம் வந்தால் எப்படித் தாங்குவார்? அவர் அழுவது அந்தப் படத்துக்காக மட்டும் அல்ல. விளக்கு அணைந்த இருட்டு, காதை அடைத்த ஹெட்போன், முகத்துக்கு ஒன்றரை அடியில் திரை, எழுந்து போக இடமில்லாத இருக்கை. கைபேசி தொந்தரவும் பெரும்பாலும் இல்லை. வீட்டு வரவேற்பறையில் எந்தப் படத்துக்கும் இவ்வளவு முழுமையான கவனம் கிடைப்பதில்லை.

அழுகைக்குச் சாதகமான இதே தனிமை சிரிப்புக்குப் பாதகம். அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் ப்ரொவைன் சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, பிறருடன் இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று அவர் கண்டார். ஒரு நகைச்சுவைப் படம் தியேட்டரில் ஓடுவதே பக்கத்து வரிசைக்காரரின் சிரிப்பால்தான். விமானத்திலோ பக்கத்து இருக்கைக்காரர் வேறு படம் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். எனவே, 'விமானத்தில் பார்த்தேன், சிரிப்பே வரவில்லை' என்று ஒருவர் ஒரு நகைச்சுவைப் படத்தைத் தள்ளினால், அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்பது நியாயமாகாது.

ஒலியும் குறுக்கே நிற்கிறது. பறக்கும் விமானத்துக்குள் இரைச்சல் சுமார் 80 முதல் 85 டெசிபல். சாலைப் போக்குவரத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. வெடிச்சத்தமும் துரத்தலும் இதைத் தாண்டிவிடும். மெல்லிய மூச்சையும் நீண்ட மௌனத்தையும் நம்பி எடுத்த படத்துக்கு இங்கே பெரிய இழப்பு. அதற்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு வரும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் படம் தானாக நின்று நின்று ஓடும்.

இவை எல்லாவற்றையும்விட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு: விமானத்தில் ஓடுவது சில சமயம் அந்தப் படமே அல்ல. 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் நடித்த பாத்திரம், ஒவ்வொரு விமான நிறுவனத்தின் விபத்தையும் ஒப்பித்து, குவாண்டாஸில் மட்டும்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும். பல விமான நிறுவனங்கள் அந்தக் காட்சியை வெட்டிவிட்டன. குவாண்டாஸ் வைத்துக்கொண்டது. 'கேசினோ ராயல்' படத்தில் ஒரு நொடி தலைகாட்டிய வர்ஜின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனை, போட்டியாளரான பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமானங்களில் காட்டிய பிரதியிலிருந்து நீக்கியது. வெட்டியது பயணிக்குத் தெரியாது. கதை ஏன் இப்படித் தாவுகிறது என்று அவர் இயக்குநரைத்தான் குறை சொல்வார்.

2019-ல் ஒலிவியா வைல்ட், தான் இயக்கிய 'புக்ஸ்மார்ட்' படத்தை ஒரு விமானத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதல் காட்சி அதில் வெட்டப்பட்டிருந்தது. அவர் அதை வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, டெல்டா நிறுவனம் நீக்கிய பகுதிகளைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தது. அதற்கு முன் அந்தப் படத்தை ஆகாயத்தில் பார்த்து, பிடித்தது பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிய பயணிகள் யாருக்கும் அப்படியொரு காட்சி இருந்ததே தெரிந்திருக்காது.