15 வாட் என்ற எண்ணும் விசிறியின் இரைச்சலும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்ததால், அவசர அவசரமாக விண்டோஸ் 11க்கு மாறிய வாசகர்கள் பலர், நேற்றுவரை சாதுவாக இருந்த மடிக்கணினி இன்று ஓயாமல் இரைகிறதே, விசிறி பழுதாகிவிட்டதா, புதிய யந்திரம் வாங்கியே தீரவேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். மாறிய புதிதில் தேடலுக்கான அட்டவணையைத் தயாரிப்பது, திருத்தங்களை இறக்குவது, வைரஸ் சோதனை முதலிய காரியங்கள் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால், உழைப்பது எந்த நிரல் என்று தெரிந்துவிடும். ஆனால் இவ்வளவு சாதாரணமான வேலைக்கு இவ்வளவு பெரிய சப்தம் ஏன் என்பதுதான் விசாரிக்கத்தக்க விஷயம்.

விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பழைய சில்லுகளில் ஒன்று, 2017இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-8250யு. அதன் உஷ்ண அளவு 15 வாட் என்று அந்த ஸ்தாபனம் அறிவித்திருப்பதைப் படித்துவிட்டு, அதற்குமேல் அது மின்சாரம் கொள்ளாது என்று நம்புகிறவர் ஏமாந்துதான் போவார். ஏனெனில் அந்த எண் 1.6 கிகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படை வேகத்தை ஒட்டிச் சொல்லப்பட்டது. விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுவதோ 3.4 கிகாஹெர்ட்ஸ்! நான்கு கோர்களும் மும்முரமாக உழைக்கும்போது 15 வாட், 3.4 கிகாஹெர்ட்ஸ் என்ற இவ்விரண்டு எண்களும் ஒருங்கே மெய்யாவதில்லை.

சில்லு, தான் சற்றுமுன்வரை செலவிட்ட மின்சாரத்தின் சராசரியை இடையறாது கணித்துக்கொண்டே இருக்கிறது. மாதமெல்லாம் சிக்கனமாக வாழ்ந்த குடும்பஸ்தர் தீபாவளியன்று தாராளமாகச் செலவழிப்பதுபோல, சராசரி தாழ்ந்திருக்கும் சமயத்தில் 15 வாட்டைப்போல் இருமடங்கைக்கூடச் சில வினாடிகளுக்கு அது இழுத்துக்கொள்ளும். இக்கணக்குக்குரிய கால அளவு பல மடிக்கணினிகளில் 28 வினாடி. அதற்குள் உஷ்ணம் செப்புக் குழாயில் ஏறிவிட, விசிறி சீறிக் கிளம்புகிறது. வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் தடுமாறாதிருக்கும்பொருட்டு அதைத் தாமதித்தே தணிக்கும்படி அமைத்திருப்பதால், வேலை முடிந்தபின்னும் இரைச்சல் நீடிக்கிறது. விசிறியின் வேகம் இருமடங்கானால் சப்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும்.

அழகான யுக்திதான், சந்தேகமில்லை. ஆயினும் அந்த உச்ச வரம்பையும் கால அளவையும் மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் தம் விருப்பப்படி மாற்றி வைக்கலாம் என்பதும், வாங்குகிறவர் பார்க்கும் பெட்டியில் அவற்றைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை என்பதும், ஒரே சில்லைக் கொண்ட இரண்டு மாதிரிகளில் எது இரையும், எது அமைதியாக இருக்கும் என்பதை வாங்கிய பிறகே அறிய நேர்கிறது என்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

பரிகாரம் சுலபமானது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் சென்று, மேம்பட்ட அமைப்புகளில் பிராசஸரின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆகக் குறைத்தால், குறைவது ஒரு சதவீதமாயினும், இத்தகைய சில்லுகளில் அந்த உபரி வேகம் முழுவதுமே நின்றுவிடும். வீடியோ தொகுப்பவர்களுக்கு இது நஷ்டம். கடிதம் எழுதுகிறவர்களுக்கும் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது. அந்த வரி உங்கள் யந்திரத்தில் காணப்படாவிட்டால், செட்டிங்ஸில் மின்சிக்கன முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். மெத்தைமேல் வைக்கலாமா? கூடாது, காற்று புகும் துவாரங்கள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து ஊதினால் தூசு போகுமா? விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சுபோல் படிந்திருப்பது அப்படிப் போகாது. யந்திரத்தை அணைத்து, அடிமூடியைக் கழற்றி, இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டுமா? பல வருஷம் உழைத்த யந்திரத்தில், தூசு நீக்கியும் சூடு தணியாவிட்டால் மாற்றலாம். மெதுவாகச் சுழலும்போதே கரகரவென்று அரைக்கிறதா? அது பேரிங் தேய்ந்த குற்றம்; எண்ணெய் விட்டால் சில நாள் அடங்கும், பிறகு விசிறியையே மாற்ற வேண்டியதுதான்.