பல்லை நகர்த்தும் கம்பி

நம்முள் சிலர் பல்வரிசை திருந்தக் கம்பி கட்டியிருக்கின்றனர். முதலில் இட்ட விலையுயர்ந்த கம்பியை எடுத்துவிட்டுப் பின்னர் எஃகுக் கம்பியை மாட்டும்போது, அவர்களுட் பலர் மனம் வருந்துகின்றனர். இவ்வருத்தம் தேவையற்றது. காரணத்தைக் காண்போம்.

பல், மரத்தில் அறைந்த ஆணியன்று. அதற்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்றுண்டு. கம்பி இலேசாக ஓயாது தள்ளினால், அழுந்தும் பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புதிது வளரும், பல் நகரும். விசை மிகுந்தாலோ சவ்வில் குருதியோட்டம் தடைப்படும், நகர்வு நிற்கும், வேரும் தேயக்கூடும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். பல்லுக்கு அடி வேண்டா. ஓயாத மென்மையே போதும்.

திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தோன்றிய 1959-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பொற்கலவைக் கம்பியின் இடத்தை எஃகு பிடித்திருந்தது. எஃகு விறைப்பு மிக்கது. வட்டக் கம்பியின் விட்டம் இருமடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். நீளம் இருமடங்கானால் விறைப்பு 8-இல் ஒரு பங்காகும். ஆகவேதான் மருத்துவர்கள் எஃகில் வளையங்கள் இட்டு, நீளத்தைக் கூட்டி, விசையைத் தணித்தனர்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பியூலர் கண்ட நிக்கல்-டைட்டேனியக் கலவையை, 1971-இல் ஆண்டிரியாசன் பல் சீரமைப்புக்குக் கொணர்ந்தார். அதன் விறைப்பு எஃகினுடையதில் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கே. பின்னர் வந்த மீமீள்வகைக் கம்பிகளில் மற்றொரு புதுமையும் உண்டு. வளைக்கும்போது உள்ளே அணுக்களின் அடுக்கு மாறும். விடும்போது பழைய அடுக்கு திரும்பும். எனவே கோணற்பல்லில் மாட்டிய கம்பி நிமிரும்வரை, விசை பெரிதும் மாறாது மென்மையாகவே இருக்கும்.

டைட்டேனியம் நமக்கு அயலானதும் அன்று. நம் குமரிமாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் கொல்லத்துச் சவறா மணலிலும் அதன் தாது கிடக்கின்றது.

ஆயின், இக்கம்பிக்கும் குறையுண்டு. மருத்துவர் குறடால் இடும் நுண்ணிய வளைவை இது எளிதில் ஏற்காது. எஃகோ இட்ட வளைவைக் காக்கும். உராய்வும் அதில் குறைவு. ஆகவே பற்கள் வழுக்கி இடைவெளி மூடும் கட்டத்தில் எஃகே ஏற்றது. முதலில் நெகிழ்வு, பின்னர் உறுதி, இதுவே முறை.

கம்பி தளர்ந்தாலும் உறுத்தினாலும் விடுதி அறையில் குறடு எடுத்து முறுக்க வேண்டா. கைமுறுக்கின் விசையை அளப்பார் யார்? வேர் ஒருமுறை தேய்ந்தால் மீள வளர்வது அரிது. மருத்துவரிடம் செல்லுங்கள்.