சேலையில் சுற்றி வந்த சரஸ்வதி

சென்ற மாதம் வானலையில் ஓவியர் ரவிவர்மா பற்றி நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. பேச வைத்தது, ஹோம்புஷில் ஓர் அன்ரி வீட்டுச் சாமியறையில் இருக்கும் சரஸ்வதி படம்.

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து சேலையில் சுற்றி எடுத்துவந்த படம் அது. "ரவிவர்மா கையால் வரைந்த ஒறிஜினல், வித்தால் பெரிய காசு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மகனோ வீடு வாங்கக் காசு சேர்க்கிறார். "தம்பி, ஒருக்கா வந்து பாரும்" என்று அன்ரி கூப்பிட்டா.

ரவிவர்மா 1848 இல் கிளிமானூரில் பிறந்தவர். இளவயதில் திருவாங்கூர் அரண்மனைக்குப் போனார். அங்கிருந்த மதுரை ஓவியர் ராமசாமி நாயுடு தைலவர்ண நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க மறுக்க, அவருடைய மாணவர் ஆறுமுகம்பிள்ளை இரகசியமாகக் கற்பித்தார் என்பர். அரசர்களையும் ஆளுநர்களையும் உருவப்படமாக வரைந்து புகழ்பெற்றார். 1893 இல் அமெரிக்காவின் சிக்காகோ கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. 1906 இல் காலமானார்.

தைலவர்ண ஓவியம் ஒன்றுதான் இருக்கும். அது அரண்மனைக்குப் போய்விடும். எல்லா வீட்டுக்கும் படம் போகவேண்டும் என்று 1894 இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லில் மை பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசுவார்கள். பார்வைக்குத் தைலவர்ணம் போலவே பளபளக்கும். இதற்கு ஓலியோகிராப் என்று பெயர்.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பூதக்கண்ணாடியால் பாருங்கள். அச்சுப் படமென்றால் சிறு சிறு புள்ளிகள் தெரியும். கையால் வரைந்ததென்றால் தூரிகை போன தடமும், வர்ணம் தடித்தும் மெலிந்தும் கிடப்பதும் தெரியும். அடி விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2023 இல் ரவிவர்மாவின் யசோதை-கிருஷ்ணன் தைல ஓவியம் இந்தியாவில் 38 கோடி ரூபாவுக்கு ஏலம் போனது. அவருடைய ஓவியங்கள் 1979 முதல் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், இந்தியாவில் இருப்பவற்றை விற்பதற்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே இங்கே யாராவது "ஒறிஜினல்" என்று விற்க வந்தால், எப்போது, எப்படி இங்கே வந்தது என்று பத்திரம் கேளுங்கள்.

அன்ரியின் படத்தில் புள்ளிகள் தெரிந்தன. அச்சுப் படம்தான். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மகனின் முகம் வாடியது. அன்ரி படத்தை வாங்கி, "அப்ப விக்கத் தேவையில்லை" என்று திரும்பவும் சாமியறையில் மாட்டினா.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய படம் இருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். யார், எப்போது கொண்டுவந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.