எபிசோடு 37: உங்க காருக்கு விலை போடுறது யாரு? ஆன்லைன் ஏலம், ஆர்.சி., அப்புறம் அந்த 14 நாள்

(இது ஆடியோவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

கார் வாங்குறது எப்படின்னு சொல்ல ஊருக்குள்ள ஆயிரம் பேர் இருக்காங்க. விக்கிறது எப்படின்னு கேட்டா, "ஆப்ல போடு, வந்து எடுத்துட்டுப் போயிடுவான்"னு ஒரு வரியில முடிச்சிடுறாங்க. அந்த ஒரு வரிக்குள்ள ஒரு ஏலம் இருக்கு, ஒரு சட்டம் இருக்கு, உங்க பேருக்கு ஒரு ரிஸ்க்கும் இருக்கு. இந்த எபிசோடுல மூணையும் பார்க்கலாம். போன வருஷம் எங்க அப்பாவோட 2014 வேகன் ஆர் காரை இப்படித்தான் வித்தோம். அதனால அங்கங்க அந்த அனுபவமும் வரும்.

ஏலத்தில் நிக்கிறது யாரு?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர்ல கார் வாங்குற ஆப்கள் பெரும்பாலும் நடத்துற ஏலத்துல கேக்குறவங்க உங்களையும் என்னையும் மாதிரி ஆளுங்க இல்ல. டீலர்கள். உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்து காரைப் பரிசோதிச்சு, போட்டோ, வீடியோ, இன்ஜின் சத்தம் வரைக்கும் பதிவு பண்ணி ரிப்போர்ட் போடுவார். அந்த ரிப்போர்ட் பல ஊர் டீலர்களோட போனுக்குப் போகும். அவங்க காரை நேர்ல பார்க்காமலே விலை கேப்பாங்க.

டீலர் மனசுல கணக்கு எப்படி ஓடும்? பின்னாடியில இருந்து முன்னாடி வரும். ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன். உங்க காரைத் தன்னோட கடையில 3 லட்சத்துக்கு விக்க முடியும்னு அவர் நினைக்கிறார். பெயின்ட், டயர், பாலிஷுக்கு 25,000. கார் கொண்டுவர்ற செலவு, ஆப்புக்குக் கொடுக்குற கட்டணம் சேர்த்து 15,000. ரெண்டு மாசம் நிக்கிற இடத்துக்கும் போட்ட பணத்தோட வட்டிக்கும் 10,000. அவரோட லாபம் 25,000. எல்லாத்தையும் கழிச்சா 2,25,000. அதுதான் அவரோட உச்ச வரம்பு. அதுக்கு மேல ஒரு ரூபாய்கூட கேக்க மாட்டார்.

ஓ.எல்.எக்ஸ்.ல அதே காருக்கு 3 லட்சம்னு போட்டிருக்கிறதைப் பார்த்துட்டு "என்னை ஏமாத்துறாங்க"ன்னு கோவப்படுறதுல அர்த்தம் இல்ல. அது கடையில கேக்குற விலை. உங்களுக்கு வர்றது கொள்முதல் விலை. நடுவுல இருக்கிற வித்தியாசத்தை நீங்களே எடுத்துக்கணும்னா, பத்துப் பேருக்குக் காரைக் காட்டி, பேரம் பேசி, நேரா விக்கணும். அதுக்கு நேரம் இருக்கான்னு முதல்ல யோசிங்க.

ரெண்டாவது ஆள்தான் முக்கியம்

விலை ஏறிக்கிட்டே போற ஏலத்துல கடைசி விலையை முடிவு பண்றது யாரு? ஜெயிச்சவர்னு தோணும். ஆனா அவர் தோத்த ஆளை விட ஒரு படி மேல கேட்டா போதும். ஒருத்தர் 2,40,000 வரைக்கும் போகத் தயார், அடுத்தவர் 2,10,000ல நின்னுட்டார்னா, உங்களுக்குக் கிடைக்கிறது 2,10,000க்குப் பக்கத்துலதான். அதாவது விலையை நிர்ணயிக்கிறது ரெண்டாவது ஆளோட வரம்பு. ஏலத்தோட இந்தக் குணத்தை 1961ல வில்லியம் விக்ரி எழுதின கட்டுரை கணிதமா விளக்கிச்சு. அவருக்கு 1996ல பொருளாதார நோபல் கிடைச்சது.

நம்ம ஆளுங்களுக்குக் கணக்கு சொன்னாத்தான் பிடிக்கும், சொல்றேன். ஒவ்வொரு டீலரோட வரம்பும் 4 லட்சத்துக்கும் 5 லட்சத்துக்கும் நடுவுல எங்க வேணாலும் சம வாய்ப்போட விழும்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேர் மட்டும் கேட்டா, சராசரியா கிடைக்கிற விலை சுமார் 4.33 லட்சம். நாலு பேர் கேட்டா 4.60. ஒன்பது பேர்னா 4.80. பத்தொன்பது பேர்னா 4.90. பைத்தான்ல பத்து வரி எழுதி ஓட்டிப் பாருங்க, இதேதான் வரும்.

இதுல ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, ஆள் கூடக் கூட விலை ஏறுது. ரெண்டு, அந்த ஏற்றம் போகப் போகக் குறையுது. ரெண்டு பேர் நாலாகிறதுல கிடைக்கிறது பெரிய லாபம். ஒன்பது பேர் பத்தொன்பது ஆகிறதுல கிடைக்கிறது சின்ன லாபம்.

"அப்போ நான் ஒரு குறைஞ்சபட்ச விலை வெச்சிட்டா பாதுகாப்புதானே?"ன்னு கேப்பீங்க. பாதுகாப்புதான். ஆனா 1996ல ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் ரெண்டு பேரும் எழுதின ஒரு பிரபலமான கட்டுரை இருக்கு. அவங்க எடுத்துக்கிட்ட நிபந்தனைகளுக்குள்ள, மிகச் சரியான குறைஞ்சபட்ச விலையைக் கண்டுபிடிக்கிறதை விட, ஏலத்துக்கு ஒரே ஒரு ஆளைக் கூடுதலாக் கொண்டுவர்றது விக்கிறவருக்கு அதிக லாபம்னு நிரூபிச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, விலையில மல்லுக்கட்டுறதுக்கு முன்னாடி கூட்டத்தைச் சேருங்க.

ஒரே ஆப்ல தலையெழுத்துன்னு உக்காராம, ரெண்டு மூணு தளத்துல பரிசோதனைக்குக் கூப்பிடுங்க. கார் கம்பெனிகளோட சொந்தப் பழைய கார் ஷோரூம்கள்லயும் ஒரு விலை வாங்குங்க. உள்ளூர்ல ஒரு புரோக்கர்கிட்டயும் கேளுங்க. எங்களுக்குத் திருச்சியில புரோக்கர் சொன்ன விலை 1,85,000. அந்த ஒரு நம்பர் கையில இருந்ததால, ஏலம் எங்க நின்னா "வேண்டாம்"னு சொல்லணும்னு அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது. ஏலம் 2,14,000ல முடிஞ்சது.

இன்னொண்ணு. பரிசோதிக்க வர்றவர் சிரிச்சுக்கிட்டே "சார், குறைஞ்சது எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"ன்னு கேப்பார். உங்க அடிமட்ட விலையை அங்க சொல்லாதீங்க. "ஏலத்துல வர்றதைப் பார்ப்போம் தம்பி"ன்னு டீ கொடுத்து அனுப்பிடுங்க.

மறைச்சா லாபமா?

1970ல ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர், பழைய கார் சந்தையையே உதாரணமா வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். 2001ல நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டவர்களில் ஒருத்தர். அவர் சொன்னது: காரோட உண்மையான நிலை விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அதனால வாங்குறவர் சராசரியான காருக்கான விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வெச்சிருக்கிறவர் விக்க மாட்டார். சந்தையில மோசமான காருங்களே மிஞ்சும்.

ஆன்லைன் ஏலத்துல இது இன்னும் கூர்மையா வேலை செய்யும், ஏன்னா டீலர் காரைத் தொட்டுக்கூடப் பார்க்கல. ரிப்போர்ட்ல ஒரு தகவல் இல்லன்னா, அவர் மோசமானதைத்தான் நினைச்சுக்குவார். சர்வீஸ் புக் போட்டோ இல்லையா? சர்வீஸே பண்ணலன்னு கணக்கு. ரெண்டாவது சாவி இல்லையா? புதுச் சாவிக்கான செலவைக் கழிச்சிடுவார். அதனால சர்வீஸ் பில்கள், இன்சூரன்ஸ், ரெண்டு சாவி எல்லாத்தையும் மேஜை மேல வைங்க. கதவுல இருக்கிற கீறலையும் நீங்களே காட்டுங்க.

இது நல்ல மனுஷனா இருக்கிறதுக்காக மட்டும் இல்ல. ஏலம் முடிஞ்சதுக்கு அப்புறம் இது எப்படிக் காப்பாத்தும்னு இப்போ வர்றேன்.

ஏல விலையும் கைக்கு வர்ற விலையும்

ஏலத்துல வந்த விலை அப்படியே வங்கிக்கு வந்துடும்னு நினைக்காதீங்க. சேவைக் கட்டணம் உண்டான்னு பாருங்க. ஆர்.சி. மாறுற வரைக்கும் ஒரு தொகையைப் பிடிச்சு வைக்கிற வழக்கமும் உண்டு. அது எவ்வளவு, எந்தத் தேதிக்குத் திரும்ப வரும்னு எழுத்துல வாங்குங்க.

அடுத்தது, கார் எடுக்க வர்ற நாள். மறுபடியும் ஒரு பரிசோதனை நடக்கும். எங்களுக்கும் நடந்தது. வந்தவர் டயர் தேஞ்சிருக்கு, கிளட்ச் கடினமா இருக்குன்னு 18,000 குறைக்கச் சொன்னார். அப்பா பாதி சம்மதிச்சிட்டார். நான் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தேன். நாலு டயரோட போட்டோவும் அதுல இருந்தது. கிளட்ச் பத்தின குறிப்பும் இருந்தது. "இதையெல்லாம் பார்த்துட்டுத்தானே அண்ணா டீலர் 2,14,000 கேட்டார்? ஒரே குறைக்கு ரெண்டு தடவை எப்படிக் கழிப்பீங்க?"ன்னு கேட்டேன். அவர் போன் போட்டுப் பேசினார். முழு விலை வந்தது.

ரிப்போர்ட்ல இல்லாத புதுக் குறை இருந்தா பேரம் நியாயம். ஏற்கனவே இருக்கிற குறைக்கு ஏலத்துலயே விலை போட்டாச்சு. அதனால பரிசோதனை ரிப்போர்ட்டோட பிரதியை முதல் நாளே போன்ல சேமிச்சு வைங்க.

பணம் முழுசா உங்க கணக்குல வந்ததை வங்கி ஆப்ல பார்த்த பிறகுதான் சாவி. ஸ்கிரீன்ஷாட், எஸ்.எம்.எஸ். எதுவும் பணம் ஆகாது.

கார் போயிடுச்சு, பேர் இருக்கு

இந்த எபிசோடுல ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவு வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(30)ன்படி, பொதுவா யார் பேர்ல வண்டி பதிவாகியிருக்கோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. ஒருத்தர் 2007லயே காரை வித்துட்டார். அது அடுத்தடுத்து பல கை மாறிச்சு. ஆர்.சி.யில மட்டும் பேர் மாறல. 2009ல அந்தக் கார் விபத்துல சிக்கி உயிர் போச்சு. நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யாரு? ஆர்.சி.யில பேர் இருக்கிற அந்த முதல் ஆள்தான்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. பாதிக்கப்பட்ட குடும்பம் கை மாறின ஒவ்வொருத்தரையும் தேடி அலைய வேண்டியதில்லைங்கிறது அதோட நியாயம். யோசிச்சா சரிதான். ஆனா வித்தவர் இடத்துல நம்மளை வெச்சுப் பார்த்தா தூக்கம் வராது.

சட்டத்துல வழியும் இருக்கு. பிரிவு 50ன்படி, அதே மாநிலத்துக்குள்ள வித்தா, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். அதுக்குத்தான் படிவம் 29. வாங்கினவர் 30 நாளுக்குள்ள படிவம் 30 கொடுத்துப் பேர் மாத்தணும். கார் வேற மாநிலத்துக்குப் போகுதுன்னா படிவம் 28, அதாவது என்.ஓ.சி. கடன்ல வாங்கின காரா இருந்தா, வங்கியோட என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வேணும்.

ஆனா ஏலத்துல எடுத்த டீலர் உடனே பேர் மாத்த மாட்டார். அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் கிடைக்கணும். அது வரைக்கும் கார் உங்க பேர்லயே ஓடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2022 டிசம்பர்ல மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினாங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. இதன்படி பழைய கார் டீலர் ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரச் சான்று வாங்கியிருக்கணும். நீங்க காரை அவர்கிட்ட ஒப்படைச்சதை படிவம் 29சி மூலமா பதிவு பண்ணா, அந்த நேரத்துல இருந்து அவர்தான் உரிமையாளர்னு கருதப்படுவார். பொறுப்பும் அவருக்கு.

அதனால கேக்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு தருவீங்க?" இல்ல. "உங்களுக்கு அங்கீகாரச் சான்று இருக்கா, 29சி போடுவீங்களா?" இதுதான். இதைக் கேட்டதும் பேச்சை மாத்துறவர் 10,000 கூடக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

கூடவே இதையும் பண்ணுங்க. படிவம் 29, 30ல வாங்குறவர் பேரும் தேதியும் இல்லாம வெத்துக் கையெழுத்து போடாதீங்க. தேதி, மணி, கிலோமீட்டர் ரீடிங், வாங்கினவரோட அடையாள அட்டை விவரம் எல்லாம் உள்ள டெலிவரி ரசீது வாங்குங்க. கார் கிளம்பின 9ஆவது நாள் அப்பா போனுக்கு ஓசூர் பக்கம் அதிவேகமாப் போனதா ஒரு இ-சலான் வந்தது. அப்பா அன்னைக்கு முழுக்கத் திருச்சியில வீட்டைவிட்டு வெளிய போகல. தேதியும் மணியும் இருந்த அந்த ஒரு ரசீதுதான் பேசிச்சு. டீலர் தரப்புல அபராதத்தைக் கட்டினாங்க. அபராதம் என்னவோ சின்னதுதான். அதே வேகத்துல ஒரு ஆள் மேல மோதியிருந்தான்னு அப்பா ரெண்டு நாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தார்.

சின்னச் சின்ன விஷயங்கள்

ஃபாஸ்டேக்கை ஒப்படைக்கிற அன்னைக்கே மூடிடுங்க. இல்லன்னா அடுத்தவர் டோல்கேட் தாண்டும்போது உங்க பணம் போகும்.

இன்சூரன்ஸ்ல நோ கிளைம் போனஸ் காருக்குச் சொந்தம் இல்ல, உங்களுக்குச் சொந்தம். தொடர்ந்து அஞ்சு வருஷம் கிளைம் இல்லன்னா, சொந்த சேதப் பிரீமியத்துல 50 சதவீதம் வரை தள்ளுபடி. கம்பெனிகிட்ட அதுக்கான சான்றிதழ் வாங்கி வெச்சா, 3 வருஷத்துக்குள்ள வாங்குற அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். நிறைய பேர் இதை அப்படியே விட்டுடுறாங்க.

பழைய காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.ன்னு 2024 கடைசியில ஒரு பீதி கிளம்பிச்சே, அது பதிவு பெற்ற வியாபாரிகளோட லாபத்து மேல வர்ற வரி. சொந்த உபயோகத்துக் காரை விக்கிற உங்களுக்கு இல்ல.

கடைசியா, மாசம் ஒரு தடவை பரிவாகன் தளத்துல பழைய வண்டி நம்பரைத் தட்டிப் பாருங்க. உரிமையாளர் பேர் மாறியிருந்தா, அன்னைக்குத்தான் நீங்க அந்தக் காரை முழுசா வித்திருக்கீங்க. அது வரைக்கும் ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல இதோட மறுபக்கம்: ஏலத்துல போன அதே காரை டீலர்கிட்ட வாங்கப் போறவர் என்னென்ன பார்க்கணும்னு பேசலாம். பத்திரமா ஓட்டுங்க மக்களே!