சிறிய மோட்டார் சைக்கிள்

டில்லிக்குப் படிக்க வரும் நம் மாணவரிடம் முதல் மாதத்திலேயே இரண்டு ஆசைகளைக் காண்கிறேன். ஒன்று, நல்ல இட்டிலி கிடைக்குமிடத்தை அறிவது. மற்றொன்று, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது. முன்னதற்கு வழிகாட்ட நம் சங்கத்தில் பலர் உளர். பின்னதைப் பற்றி முதலாண்டுத் தம்பி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் வந்து, "அண்ணா, புல்லட் வாங்கலாமா?" என்றார். கியர் வண்டியை இதுவரை தொட்டதுண்டா என்று கேட்டேன். "இல்லை, சைக்கிள்தான்" என்றார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

புல்லட் சென்னைத் திருவொற்றியூருக்குப் பெருமை சேர்த்த வண்டி. அதன்மேல் எனக்கும் மோகம் உண்டு. ஆனால் அதன் எடை 190 கிலோவுக்கு மேல். புதிதாகப் பழகுபவர் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அன்று, நிற்கும்போதும் திரும்பும்போதுந்தான். 112 கிலோ எடையுள்ள ஸ்பிளெண்டர் சாய்ந்தால் ஒரு காலை ஊன்றி நிறுத்திவிடலாம். ஆகவே முதல் வண்டி சிறியதாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

இந்தச் சிறு வண்டியின் வரலாறு நமக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. ஜெய்ப்பூர் சாலையில் உள்ள தாருஹேடாவில் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தார் 1985-இல் சி.டி.100 என்ற வண்டியை வெளியிட்டனர். அதன் வழியில் 1994-இல் வந்ததே ஸ்பிளெண்டர். 2010-இல் கூட்டாளிகள் இருவரும் பிரிவதென்று முடிவாயிற்று. 2011 முதல் கம்பெனியின் பெயர் ஹீரோ மோட்டோகார்ப். பெயர் மாறினாலும் எஞ்சினின் அடிப்படை அளவு மாறவில்லை. உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 97.2 கன சென்டிமீட்டர். டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் ஒன்று கொள்ளும் அளவுதான். அதிலிருந்து ஏறத்தாழ 8 குதிரைத் திறன் பிறக்கிறது.

அக்காலத்தில் நம் தெருக்களில் ஓடிய சிறு வண்டிகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகை. அவற்றில் கிராங்க் தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு உண்டு, பாய்ச்சலும் அதிகம். ஆனால் எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலையைப் புதிதாக நுழையும் பெட்ரோல் கலவையே செய்ய வேண்டியிருப்பதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடும். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் உறிஞ்சுவது, அழுத்துவது, வெடிப்பது, வெளியேற்றுவது ஆகிய நான்கும் தனித்தனியே நடக்கின்றன. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பே என்றாலும் பெட்ரோல் வீணாவதில்லை. சிக்கனத்தின் இரகசியம் இதுதான். நாள்தோறும் 20 கிலோமீட்டர் வீதம் 25 நாள் ஓட்டினால் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 என்று கொண்டால் எட்டரை லிட்டர் போதும். விடுதி மாணவனுக்கு இது தாங்கக்கூடிய செலவே.

என் வண்டி 2016-ஆம் ஆண்டில் செய்தது, கார்புரேட்டர் உடையது. ஜனவரிக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. அதனால் சோக் நெம்பை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோல் மிகுந்த கலவையை அனுப்ப வேண்டும். வண்டி சூடேறியதும் நெம்பைத் திருப்பிவிட வேண்டும். தஞ்சைப் பக்கத்து ஆளாகிய எனக்குக் குளிரும் புதிது, சோக்கும் புதிது. ஒரு வாரம் அதை இழுத்தபடியே ஓட்டிவிட்டு, "பெட்ரோல் குடிக்கிறது" என்று மெக்கானிக்கிடம் முறையிட்டேன். அவர் கரியேறிய பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்துச் சிரித்தார். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு செய்யப்படும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் அமைப்பு இருப்பதால் இந்த வேடிக்கைக்கு இடமில்லை.

இனிச் சொல்லப் போவது வேடிக்கை அன்று. நெடுஞ்சாலையில் ஒரு தாய்மாமனை இழந்த குடும்பம் எங்களுடையது. ரயிலேறும்போது அம்மா கேட்டுக்கொண்டது, வண்டி வாங்காதே என்ற ஒன்றைத்தான். நான் வாங்கினேன், வீட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு டிசம்பர்க் காலை, பனிமூட்டத்தில் திரும்பும்போது சாலையில் லாரி சிந்திய மணலைக் கண்டேன். பயத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். அடுத்த கணம் தரையில் கிடந்தேன். தோள் எலும்பு முறிந்தது. ஹெல்மெட் பிளந்தது, தலை பிளக்கவில்லை.

காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. எனவே நேராக ஓடும்போது நன்றாக நிறுத்துவது முன் பிரேக்கே. ஆனால் திரும்பும்போது டயரின் பிடிப்பில் ஒரு பங்கு திருப்பத்துக்கே செலவாகிறது. மணலில் பிடிப்பு ஏற்கெனவே குறைவு. அதன்மேல் பிரேக்கையும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். மணல்மேல் கையையும் காலையும் சும்மா வைத்துக் கடந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் பிடிக்கும் இணைப்பு கட்டாயமாயிற்று. அது நல்ல உதவி, ஆயினும் மணலை அது அறியாது.

அப்பா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாம் நாள் விடுதி வாசலில் குந்தி என் வண்டியின் செயினை விரலால் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு தொய்வோடா ஓட்டினாய்?" என்றார். டி.வி.எஸ். 50-இல் இருபது ஆண்டு கடைக்குச் சரக்கு ஏற்றியவர் அவர். ஒரு அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது என்று சொல்லி, அங்கேயே ஸ்பானர் வாங்கி இறுக்கிக் கொடுத்தார். அம்மாவிடம் சொல்லும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். அம்மா இரண்டு மாதம் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

பழைய வண்டி வாங்குவோருக்குச் சில சொற்கள். காலைக் குளிரில் வெண்மையாக வரும் ஆவிக்கு அஞ்ச வேண்டாம். நீலப் புகை நின்றபாடில்லாமல் வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது, விட்டுவிடுங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். 15 ஆண்டை நெருங்கிய பெட்ரோல் வண்டி டில்லியில் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அவ்வயது கடந்தவை ஓடுவதற்கு எதிராக 2018-இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதுங்கள். ஊரிலிருந்து ரயிலில் வண்டி கொண்டு வருவோர் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்.

தம்பி புல்லட் எண்ணத்தை இன்னும் முழுவதும் விட்டதாகத் தெரியவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு விடுதியின் பின்புற மைதானத்தில் என் வண்டியிலேயே கிளட்ச் பழகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேறு யாரேனும் வர விரும்பினால் வரலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான்.