எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுதல்

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். திறந்த கூரை கொண்ட வடிவமும், 1965-இல் அறிமுகமான மூடிய ஜி.டி. வடிவமும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின. இதன் 1798 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் எளிய அமைப்பு கொண்டது. அதனால் பல உரிமையாளர்கள் எண்ணெய் மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்கின்றனர்.

இந்த வேலை இன்றைய கார்களில் செய்வதைப் போன்றதே. எனினும் எண்ணெயைத் தேர்வு செய்தல், வடிகட்டியின் ரப்பர் வளையத்தைப் பொருத்துதல், மாற்றிய பின் எஞ்சினை முதன்முதலாக இயக்குதல் ஆகிய மூன்றிலும் தனிக் கவனம் தேவை. இவற்றில் ஒன்று தவறினாலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பழுதாகலாம்.

எண்ணெய்த் தேர்வு

இந்த எஞ்சினுக்குப் பரவலாகப் பயன்படுவது 20டபிள்யூ-50 தர எண்ணெய். குளிரில் 20 என்ற தரத்துக்கு ஏற்பவும், சூடான எஞ்சினில் 50 என்ற தரத்துக்கு ஏற்பவும் அது பாயும் என்பது இந்த எண்களின் பொருள். புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெயை இதில் ஊற்றினால், எஞ்சின் சூடானதும் எண்ணெய் அழுத்தம் குறையும், கசிவும் கூடும்.

எண்ணெயில் கலந்துள்ள வேதிப்பொருளும் முக்கியம். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, தட்டையான அடிப்பகுதி கொண்ட டேப்பெட்டுகளின் மீது உரசிச் சுழல்கிறது. உரசும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம். துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மம் ஒன்று அங்கே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. ஆனால் பாஸ்பரஸ் புதிய கார்களின் புகைக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும். ஆகவே 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரசின் அளவை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. 20டபிள்யூ-50 இந்த வரம்புக்கு உட்பட்டதல்ல. இருப்பினும், பழைய கார்களுக்கென்று விற்கப்படும் எண்ணெயை வாங்குவது பாதுகாப்பானது.

எண்ணெயை வடித்தல்

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வெதுவெதுப்பான நிலையில் எண்ணெயை வடிக்க வேண்டும். அப்போது எண்ணெய் இளகி, அதில் மிதக்கும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுட்டுவிடும். காரை ஜாக்கியால் உயர்த்தினால், உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே அடியில் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவது உயிருக்கே ஆபத்து.

அடித்தொட்டியின் வடிகால் திருகைக் கழற்றும்போது பழைய எண்ணெயைக் கவனிப்பது நல்லது. அது கறுத்திருப்பது இயல்பே. பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். பளபளக்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் உட்பகுதிகள் தேய்கின்றன என்று பொருள். வடிந்து முடிந்ததும் புதிய வாஷருடன் திருகைப் பூட்ட வேண்டும்.

வடிகட்டி

தொடக்ககால எம்.ஜி.பி. கார்களில் உலோகக் குவளைக்குள் மாற்றக்கூடிய வடிகட்டி இருந்தது. பிந்தைய கார்களில் முழுதாகத் திருகிக் கழற்றும் வகை வந்தது. குவளை வகையில் அது பொருந்தும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. நாளடைவில் அது இறுகி உலோகத்தின் நிறத்துக்கே மாறிவிடுவதால், கண்ணில் படாமல் போகலாம். அதன் மேலேயே புதிய வளையத்தை வைத்துப் பூட்டினால் இடைவெளி ஏற்பட்டு, எஞ்சின் ஓடும்போது எண்ணெய் முழுவதும் வெளியே பீய்ச்சப்படும். எனவே மழுங்கிய முனையால் பள்ளத்தைத் துழாவிப் பழைய வளையத்தை எடுத்துவிட வேண்டும்.

திருகும் வகையில், ரப்பர் வளையத்தில் சிறிது புது எண்ணெயைத் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். வடிகட்டியின் வாய் கீழ்நோக்கி அமைந்த கார்களில், எஞ்சின் நின்றதும் எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள வடிகட்டியே ஏற்றது.

முதல் இயக்கம்

தயாரிப்பு ஆண்டையும் அமைப்பையும் பொறுத்து ஏறக்குறைய மூன்றரை முதல் நாலேகால் லிட்டர் வரை எண்ணெய் பிடிக்கும். முதலில் மூன்று லிட்டர் ஊற்றி, பிறகு அளவுக் குச்சியைப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

இப்போது வடிகட்டியும் எண்ணெய் செல்லும் பாதைகளும் காலியாக இருக்கும். உடனே எஞ்சினை இயக்கினால், எண்ணெய் வந்து சேரும்வரை தாங்கிகள் போதிய எண்ணெயின்றிச் சுழலும். இதைத் தவிர்க்க இக்னிஷன் காயிலுக்கு வரும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, முகப்பிலுள்ள அழுத்தமானியின் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். தொடர்ந்து சுழற்றாமல் இடைவெளி விட்டுச் செய்தால் ஸ்டார்ட்டர் சூடேறாது. அழுத்தம் வந்த பிறகு கம்பியை இணைத்து எஞ்சினை இயக்கலாம்.

நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சூடாகி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அல்லது அதற்கு மேல் அழுத்தம் காட்டும். நிற்கும்போது இது வெகுவாகக் குறைவது இயல்பு. இயக்கியபின் முள் எழவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓரிரு நிமிடங்கள் ஓடிய பிறகு வடிகால் திருகிலும் வடிகட்டியிலும் கசிவு உள்ளதா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அளவை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பழைய எண்ணெய்

பயன்படுத்திய எண்ணெய் தோலில் அடிக்கடி பட்டால் தோல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. கையுறை அணிவது அவசியம். அதை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டினால் நீர்நிலைகள் மாசடையும். மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய வடிகட்டியுடன் கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.